செம்பில் ஊரும் எலக்ட்ரான் பிக்சர் டியூபில் பறப்பது ஏன்?
பழைய டிவியின் பிக்சர் டியூபில் அவ்வளவு வேகமாகப் பாயும் எலக்ட்ரான், செம்புக் கம்பியில் மட்டும் ஏன் ஊர்கிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கு சரிதான்: 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால், எலக்ட்ரான் நகர்வது நொடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஆனால் அது ஒரே திசையில் மிஞ்சும் நிகர நகர்வு மட்டுமே. மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் செம்புக்குள் நொடிக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல் நாலா திசையிலும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒழுங்காக அடுக்கிய அணுக்கள் அவற்றுக்குத் தடையே இல்லை (எலக்ட்ரான் அணுக்களில் மோதித் தெறிப்பதாகக் காட்டும் பாடப்புத்தகப் படம் பலரைக் குழப்புவது இங்கேதான்). அணுக்களின் அதிர்வும் கலப்படமும்தான் சராசரியாக 40 நானோமீட்டருக்கு ஒருமுறை திசையைத் திருப்பிவிடுகின்றன. இதனால், எலக்ட்ரானை ஒரே திசையில் தள்ளும் மின்புலம் தந்த உந்துதல் வெப்பமாகிப் போகிறது. டியூபின் வெற்றிடத்தில் வழிமறிக்க எதுவும் இல்லை. 20,000 வோல்ட் தரும் ஆற்றல் முழுவதும் எலக்ட்ரானின் வேகமாக மாறி, அது ஒளி வேகத்தில் கால் பங்கைத் தாண்டிவிடும்.