அப்பாவின் பிரஷர் குறையாததற்கு ஊறுகாயைப் பாருங்கள்

மாத்திரை போட்டும் அப்பாவுக்கு 150/95-லேயே நிற்கிறது, சமையலில் உப்பைப் பாதியாக்கியும் பலனில்லை என்று எழுதியிருந்தீர்கள். கூடவே தயிர்சாதத்துக்கு மாவடு, ராத்திரி அப்பளம் என்றும் சொல்கிறீர்கள். குறைத்த உப்பெல்லாம் அந்த வழியாகத் திரும்பி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராம் உப்புக்குள். ஒரு டீஸ்பூன்கூட முழுசாக வராது. இந்துப்புக்கு மாறினால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள், அதிலும் சாதா உப்பில் இருக்கிற அதே சோடியம்தான்.

என் அம்மா ஊறுகாய் ஜாடியை எடுத்ததற்கு 10 நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு எலுமிச்சை பிழிந்த வெள்ளரி பழகிவிட்டது.

பிரஷர் அளப்பதற்கு முன் 5 நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், அளக்கும்போது கை நெஞ்சு மட்டத்தில், பேச்சு வேண்டாம். காபி குடித்த அரைமணிக்குள் எடுக்காதீர்கள். ஒரு வாரம் காலை, மாலை குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.