வேலைத்திறன் முடிவும் மேன்முறையீடும்: வாசகர் கேள்விகள்

வேலைத்திறன் மதிப்பீட்டில் 0 புள்ளி தந்திருக்கிறார்கள். நேரே தீர்ப்பாயத்துக்கு எழுதலாமா? (ஹாரோ)

யுனிவர்சல் கிரெடிட் என்ற பிரித்தானிய அரச உதவித்தொகையில் முடியாது. முதலில் கட்டாய மீளாய்வு கேட்க வேண்டும், அதாவது முடிவெடுத்த வேலை, ஓய்வூதியத் திணைக்களமே (DWP) அதை மறுபடி பார்க்க வேண்டும் என்று; அதுவும் ஒரு மாதத்துக்குள். அந்த மாதம் கடிதத்தில் அச்சிட்ட திகதியிலிருந்து ஓடுகிறது, நீங்கள் உறையைப் பிரித்த நாளிலிருந்து அல்ல. தவறியவர்கள் தக்க காரணம் காட்டிச் சுமார் 13 மாதம் வரை கேட்கலாம். ஆனால் ஏற்பார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம்.

எனக்குக் கிடைக்குமா? (ஊர் குறிப்பிடவில்லை)

எந்த முடிவு, எந்தத் திகதி, என்ன நோய் என்று ஒன்றுமே எழுதாதவருக்கு நான் எதைச் சொல்வது? கடிதத்தைப் பார்த்து மறுபடி எழுதுங்கள்.

தாயாருக்கு வயது 58, முழங்கால் தேய்மானம். மதிப்பீட்டில் நானே மொழிபெயர்த்தேன். 200 மீற்றருக்கு மேல் நடப்பார் என்று அறிக்கை சொல்கிறது. (ஈஸ்ட் ஹாம்)

இதே கடிதம் எனக்கு அடிக்கடி வருகிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், எழுந்து நிற்க முடியாதவரும் நம்மவரில் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார். மகன் அதை மெருகேற்றி, கடைக்குத் தானே போய் வருவார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். வழியில் எத்தனை முறை நின்றார், எவர் வீட்டு மதிலைப் பிடித்தார், மறுநாள் கட்டிலை விட்டு எழுந்தாரா என்பதை இருவரும் சொல்வதில்லை. சட்டம் கேட்பதோ அதைத்தான்: கைத்தடி முதலியவற்றின் துணையோடாவது, சமதரையில் 50 மீற்றரை, அதாவது நான்கைந்து பஸ் நீளத்தை, கடும் வலியோ களைப்போ காரணமாக நிற்காமல் கடக்க முடியுமா, நியாயமான நேரத்துக்குள் அதையே திரும்பத் திரும்பச் செய்ய முடியுமா? இயலாதென்றால் அந்த ஒன்றுக்கே 15 புள்ளி உண்டு, வேலைத்திறன் குறைவு என்று ஏற்க அதுவே போதும். மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டுப் பெற்று, தவறான வரிகளை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஸ்கான் படங்களையும் மருந்துச் சீட்டுகளையும் அடுக்கி அனுப்புவதைவிட, தாயாரால் எதைச் செய்ய முடியாது என்று ஜிபி (குடும்ப மருத்துவர்) எழுதித் தரும் அரைப் பக்கம் கூடுதலாக உதவும். தீர்ப்பாயத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் கட்டணமின்றித் தருவார்கள். நீங்கள் அருகில் இருங்கள், மொழிபெயர்க்க வேண்டாம்.

முடிவு வந்தபின் நோய் மோசமாகிவிட்டது. அதையும் பார்ப்பார்களா? (டூட்டிங்)

இல்லை. முடிவெடுத்த நாளன்று இருந்த நிலையையே தீர்ப்பாயம் பார்க்கும். புதிய நிலையைத் திணைக்களத்துக்குத் தனியாக அறிவியுங்கள்.

எல்சிடபிள்யூ (வேலை செய்யும் திறன் குறைவு) தந்துவிட்டார்கள். எல்சிடபிள்யூஆர்ஏ (வேலைக்கும் வேலைக்கான ஆயத்தங்களுக்கும் திறன் குறைவு) கேட்டு மேன்முறையிடலாமா? (குரொய்டன்)

இடலாம், ஆனால் தீர்ப்பாயம் முழு முடிவையும் திறந்து பார்க்கக்கூடும் என்பதால், இருப்பதும் போகலாம். முதலில் ஓர் ஆலோசகரிடம் காட்டுங்கள்.

மீளாய்விலும் மறுத்துவிட்டார்கள். நேரில் போவதா, காகிதத்தில் முடிப்பதா? (வெம்பிளி)

நேரில் போங்கள், நீதிபதியும் மருத்துவரும் உங்களிடமே கேட்டுத் தெளிவு பெறலாம். மேன்முறையீட்டுக்கும் ஒரு மாதம்தான், இதுவும் மீளாய்வுக் கடிதத்தின் திகதியிலிருந்து.