ஐயர் இல்லாமல் கட்டும் தாலி செல்லுமா?

உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, மணப்பெண்ணுக்கு அந்த நம்பிக்கையில் அரைமனது, அம்மாவோ ஐயர் இல்லாத கல்யாணம் செல்லாது என்று அழுகிறார் என எழுதியிருந்தீர்கள்.

செல்லும். 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவுப்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்வது, மாலை மாற்றுவது, மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது, இவற்றில் ஒன்று போதும். நம்பிக்கை போனாலும் மதம் மாறாதவரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் இந்துதான். பெண் கிறிஸ்தவரோ இஸ்லாமியரோ என்றால் இது பொருந்தாது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது பதிவில். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். கல்யாணத்துக்குச் சான்றாகக் காட்டக் கோயில் ரசீது உங்களிடம் இருக்காது. அழைப்பிதழ், மண்டப ரசீது, தாலி கட்டும் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

அம்மாவிடம் கடவுள் உண்டா இல்லையா என்று வாதாடாதீர்கள். அவர் பயம் தத்துவம் பற்றியதல்ல. மகன் வாழ்க்கைக்கு ஏதும் வந்துவிடுமோ என்பதுதான். எந்தச் சடங்கு இல்லாவிட்டால் மனது ஆறாது என்று கேளுங்கள். தாலியைக் குலதெய்வத்தின் காலடியில் வைத்து அவரே வாங்கி வரட்டும், மேடையில் அவரே எடுத்துக் கொடுக்கட்டும். நம்பாத மந்திரத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். அவருடைய சந்தேகத்தை உங்கள் மறுப்போடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். அவருக்கு விளக்கேற்றிக் கும்பிட வேண்டும்போல் இருந்தால், அதற்கும் நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.