ஏஐகிட்ட பேசினதை அழிச்சா அழிஞ்சிருமா? பாலக்காடு மாவட்டச் சித்தூர் எல்லைப் பக்கத்துக் கேள்விகள்

கேள்வி (வேலந்தாவளம், தென்னை விவசாயி): மலையாளம் பேசுவேன், படிக்க வராது. அப்பா காலத்து நிலப் பத்திரத்தை ஃபோட்டோ எடுத்து, தமிழ்ல சொல்லுன்னு சாட்ஜிபிடில போட்டேன். அப்புறம் பயந்துட்டு அந்தச் சாட்டை அழிச்சுட்டேன். போயிருச்சுங்களா?

பதில்: அண்ணா, நீங்க அழுத்தினது டெலிட்டா, ஆர்க்கைவா? ரெண்டும் ஒரே மெனுவுலதான் இருக்கு. ஆர்க்கைவ்னா கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். டெலிட்னா உங்க பட்டியல்ல இருந்து உடனே போயிரும். சாட்ஜிபிடியை நடத்தற ஓப்பன்ஏஐ கம்பெனி தன் சர்வர்ல இருந்து 30 நாளுக்குள்ள அழிக்கிறதா சொல்லுது. சட்டம், பாதுகாப்புன்னு காரணம் வந்தா அதுக்கு மேலயும் வச்சிருப்பாங்க. இது வெறும் பேச்சுக்கு எழுதின விதி இல்லீங்க. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஓப்பன்ஏஐ மேல போட்ட வழக்குல 2025 மே மாசம் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவு போட்டு, ஜனங்க அழிச்ச சாட்டைக்கூட எடுத்து வைக்கச் சொல்லுச்சு. செப்டம்பர் கடைசியிலதான் அந்தக் கட்டாயம் நீங்குச்சு.

இன்னொண்ணு, மெமரி. சாட் போனாலும் அதுல இருந்து குறிச்சு வச்சது தனியா இருக்கும். செட்டிங்ஸ்ல பெர்சனலைசேஷன் போய்ப் பாருங்க. "தென்னந்தோப்பு இருக்கு, தம்பியோட பாகப்பிரிவினை நடக்குது"ங்கிற மாதிரி ஒரு வரி கிடந்தா அதையும் அழிச்சிருங்க. கேலரியிலயும் கூகுள் ஃபோட்டோஸ்லயும் பத்திரம் இருக்கே, அதையும் மறந்துறாதீங்க. அடுத்த தடவை பேரு, ஆதார் எண், சர்வே எண் மேல ஒரு துண்டுக் காகிதம் வச்சு எடுங்க. அர்த்தம் தெரிஞ்சுக்க நம்பர் வேண்டியதில்லை. அப்புறம், ஏஐ சொன்ன தமிழை நம்பி எதுலயும் கையெழுத்துப் போட்டுறாதீங்க. பத்திரம் எழுதறவர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க.

கேள்வி (வண்ணாமடை, கல்லூரி மாணவி): சாட்ஜிபிடில இருக்கிற டெம்பரரி சாட்னா பதிவே ஆகாதா?

பதில்: பட்டியல்ல வராது, மெமரியில ஏறாது, ஏஐயைப் பழக்கற பயிற்சிக்கும் எடுக்க மாட்டாங்க. ஆனா 30 நாள் வரைக்கும் ஒரு நகல் அவங்ககிட்ட இருக்கலாம்மா.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, இல்லத்தரசி): பையன் ஸ்கூல் வேலைக்கு என் ஃபோனைத்தான் எடுக்கிறான். நான் கர்ப்பப்பை ஆபரேஷன் பத்திக் கேட்டதெல்லாம் தலைப்போட அப்படியே நிக்குது. சங்கடமா இருக்கு.

பதில்: அக்கா, எல்லாரும் அமெரிக்காக்காரன் படிப்பானோன்னு பயப்படறாங்க. என் கடைக்கு வர்ற புகார்ல பாதிக்கு மேல வீட்டு ஆளு படிச்சதுதான். தலைப்பை நீங்க வைக்கல, அதுவே வச்சுக்கும். இருக்கிற சாட்டை அழிச்சிருங்க. உடம்பு சம்பந்தப்பட்டதை இனிமே டெம்பரரியில கேளுங்க. பையனுக்கு 13 வயசு ஆயிருந்தா, நீங்க சம்மதிச்சுத் தனி அக்கவுண்ட் போட்டுக் கொடுங்க. அக்ஷயா சென்டர்லயோ (கேரள அரசோட இ-சேவை மையம்) பிரிண்ட் கடையிலயோ எப்பவாவது லாகின் பண்ணி அப்படியே விட்டிருந்தா, செட்டிங்ஸ்ல எல்லா டிவைஸ்லயும் லாக் அவுட் பண்ற பட்டன் இருக்கு. முழுசா வெளியேற அரை மணி நேரம் வரைக்கும் ஆகலாம்.

கேள்வி (மீனாட்சிபுரம், ஆட்டோ ஓட்டுநர்): கூகுளோட ஏஐ ஆப் ஜெமினியை அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன். சுத்தம்தானே?

பதில்: இல்லீங்க. போனது ஆப் மட்டும்தான், பேச்செல்லாம் உங்க கூகுள் அக்கவுண்ட்ல இருக்கு. சும்மா விட்டா 18 மாசம் கழிச்சுத்தான் தானா அழியும். 3 மாசமா குறைச்சுக்கலாம். பதிவையே நிறுத்தினாலும் 72 மணி நேரம் வச்சிருப்பாங்க. தரம் பார்க்கறதுக்காக மனுஷங்க எடுத்துப் படிச்ச சாட் இருக்கே, அது நீங்க அழிச்சாலும் 3 வருஷம் வரைக்கும் இருக்கும். ஜெமினில ரகசியம் பேசாதீங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

கேள்வி (கோபாலபுரம்): வாட்ஸ்அப்ல வந்திருக்கிற நீல வட்டம் எங்க குடும்ப குரூப்பைப் படிக்குதுங்களா?

பதில்: அந்த வட்டம்தான் மெட்டா ஏஐ. குரூப்புல யாராவது அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா, அந்த மெசேஜ் வாட்ஸ்அப்போட கம்பெனியான மெட்டாவுக்குப் போகும். மத்ததெல்லாம் பூட்டுலதான் இருக்குன்னு கம்பெனி சொல்லுது. உங்க மச்சான் எல்லாத்துக்கும் அதைக் கூப்பிடற ஆளா இருந்தா, குரூப் பேரைத் தொட்டு உள்ளே போய் 'அட்வான்ஸ்டு சாட் பிரைவசி'யை ஆன் பண்ணுங்க. அப்புறம் அந்தக் குரூப்புல ஏஐயைக் கூப்பிட முடியாது, சாட்டை மொத்தமா எக்ஸ்போர்ட் பண்ணவும் முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கறதை மட்டும் அது தடுக்காது.