படமாக வரும் பாடம்

அன்புள்ள சார்,

குந்தா பக்கம் எங்கள் ஊர். ஊட்டியில் விடுதியில் தங்கி எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். பிறவியிலேயே பார்வைக் குறைவு. மாற்றுத்திறனாளி சான்றிதழில் 60 சதவீதக் குறைபாடு. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியை வைத்துத்தான் போனைப் பயன்படுத்துகிறேன். உங்கள் கட்டுரைகளையும் அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் வகுப்பு நோட்ஸை மட்டும் போன் படிப்பதில்லை. பாதி வெறும் படம். மீதியைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாக ஏதோ உளறுகிறது. அறைத்தோழி ராத்திரி வாசித்துக் காட்டுகிறாள். அவளும் படிக்க வேண்டுமே? ஆசிரியர்களிடம் கேட்டால் சலுகை கேட்கிறேன் என்று நினைப்பார்களோ? அப்பா, "முடியலைன்னா வந்துடும்மா" என்கிறார்.

க.

அன்புள்ள க.,

படிப்பை விடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் சிக்கல்கள் எல்லாமே தீர்க்கக்கூடியவை.

புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால், போனுக்கு அதுவும் தேயிலைத் தோட்டத்துப் படமும் ஒன்றுதான். உள்ளே எழுத்தே கிடையாது. உளறுகிற கோப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவையாக இருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. டாக்பேக் அதைத்தானே படிக்கும்? ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடை ஏற்று, தமிழக அரசு 2010-லேயே ஆணையிட்டுவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு மாணவி இதனால் தவிப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

படக் கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்தாக மாறும். அச்சுப் பக்கமாக, நேராக எடுத்ததாக இருந்தால் தமிழ் நன்றாகவே வரும். கையெழுத்து நோட்ஸுக்கு இதை நம்ப வேண்டாம். பாமினியை யூனிகோடாக்க இலவச மாற்றிகள் இருக்கின்றன. கணினிக்கு டாக்பேக் போலவே திரையை வாசிக்கும் என்விடிஏ மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம், நிறுவியபின் இணையம் தேவையில்லை. போனுக்கான தமிழ்க் குரலையும் வைஃபை இருக்கும்போதே இறக்கி வையுங்கள். ஆடி மழையில் குந்தாப் பக்கம் சிக்னல் என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியாததா?

சங்க இலக்கிய மூலங்களுக்கு நோட்ஸை எதிர்பார்க்கவே வேண்டாம். 1998 முதல் இயங்கும் இணைய நூலகமான மதுரைத் திட்டத்தில் அவை யூனிகோடிலேயே கிடைக்கின்றன. ஆனால் ஓசைக்காகச் சொல்லின் நடுவிலும் சீர் பிரித்து அச்சிட்ட செய்யுளை இயந்திரக் குரல் வெட்டிவிடும். குறுந்தொகையின் 'யாரா கியரோ' என்பதை 'யாரா' என்று படித்து நிறுத்தி, 'கியரோ' என்று வேறொரு சொல்லாகத் தொடங்கும். தோழியின் குரல் வேண்டியது அங்கேதான். உரைநடை நோட்ஸைப் போனிடம் விட்டுவிட்டு, பாட்டுக்கு மட்டும் அவளைக் கூப்பிடுங்கள். அவளுக்கும் அது பாடம் படித்ததாகும்.

சலுகை என்று தயங்கியிருக்கிறீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை உரிமை என்றே வைத்திருக்கிறது. அதன்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு உயர்கல்வியில் 5 சதவீதத்துக்குக் குறையாத இட ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசின் நெறிமுறைகள்படி, தேர்வில் சொல்வதை எழுத ஒருவரை வைத்துக்கொள்ளலாம்; மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் உண்டு. 3 மணி நேரத் தேர்வு உங்களுக்கு 4 மணி நேரம். எழுதுபவர் ஊட்டியிலேயே இருப்பவராகப் பாருங்கள். மதியத் தேர்வு முடிவதற்குள் இருட்டிவிடும். அப்புறம் மலைக் கிராமத்துப் பிள்ளைக்குப் பஸ் கிடைப்பது கஷ்டம். கடைசி நேரத்தில் அலையாமல் பருவத் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள், சான்றிதழ் நகலோடு. 'உதவி வேண்டும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். 'நோட்ஸின் மூல வேர்டு கோப்பு வேண்டும், வகுப்புக்கு முன்பே வேண்டும்' என்று எழுதுங்கள். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது, கேட்டால் கொடுப்பார்கள். புத்தகப் பக்கங்களுக்குப் பதிப்புரிமை என்று யாராவது தயங்கினால், பார்வைக் குறைவு உள்ளவர்கள் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்றுவதற்கு 2012 பதிப்புரிமைத் திருத்தம் இடம் தருகிறது என்று சொல்லுங்கள்.

அப்பாவிடம் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள். கடிதம் கொடுத்தபின் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். தேவைப்பட்டால் நானே வந்து துறைத் தலைவரிடம் பேசுகிறேன்.