ரோட்ரிகோவுக்குப் பிறகு ஸ்பெயினில் யார்? என் பதில்: லூயிஸ் தே பாப்லோ

கேட்கப்பட்ட கேள்வி: "ஸ்பானிய செவ்வியல் இசை என்றால் ஃபாயா, ரோட்ரிகோவோடு எல்லோரும் நின்றுவிடுகிறோம். நம் காலத்தில் வாழ்ந்த ஒரு ஸ்பானிய இசையமைப்பாளரின் வாழ்க்கையையும் இசையையும் பற்றிச் சொல்ல முடியுமா?"

உலக சினிமா பார்ப்பவர் என்றால், லூயிஸ் தே பாப்லோவின் பெயர் தெரியாமலேயே அவர் இசையை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. விக்தோர் எரிசேவின் 'தி ஸ்பிரிட் ஆஃப் தி பீஹைவ்' (1973) படத்துக்கு இசை அவர்தான். படத்தின் தொடக்கத்தில், நடித்த சிறுமிகளே வரைந்த படங்கள் திரையில் வரும். அதற்குக் கீழே ஸ்பானியக் குழந்தைகள் பாடும் ஒரு பாட்டின் மெட்டு மெலிதாகப் போகும். கார்லோஸ் சௌராவின் 'லா காசா' (1966) படத்துக்கும் அவரே இசை. ஆனால் அங்கே அதே ஆள் முரசை வைத்து நம்மைப் படபடக்க வைப்பார். வெயிலில் முயல் வேட்டைக்குப் போகும் நண்பர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதில் போய் முடியும் கதை. அது முதல் காட்சியிலேயே காதுக்குத் தெரிந்துவிடும்.

சினிமா அவருக்குப் பக்கத்து வேலைதான். அவர் வாழ்க்கை முழுக்கக் கச்சேரி மேடைக்கான நவீன இசையில் கழிந்தது. அவர் தொடங்கிய காலத்தில் ஸ்பெயினில் அதற்கு மேடையும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. இரண்டையும் அவரே உண்டாக்க வேண்டியிருந்தது. என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய சாதனை இதுதான்.

1930 ஜனவரியில் பில்பாவ் நகரில் பிறந்தார். ஆறு வயதில் உள்நாட்டுப் போர் மூண்டது. அப்பாவை அந்தப் போரில் இழந்தார்; அம்மா பிள்ளைகளோடு மாட்ரிட் வந்து சேர்ந்தார். பன்னிரண்டு வயதிலேயே இசை எழுதத் தொடங்கிய பையன்தான், ஆனால் அந்தக் குடும்ப நிலைமையில் இசையை நம்பிப் பிழைப்பு நடத்துவதை நினைத்துப் பார்க்க முடியுமா? சட்டம் படித்தார். 1952-இல் பட்டம் வாங்கி, ஐபீரியா விமான நிறுவனத்தில் சட்ட ஆலோசகராகச் சேர்ந்தார். நிரந்தர வருமானம், நல்ல வேலை. கொஞ்ச காலத்திலேயே அதை விட்டுவிட்டு முழுநேரமாக இசைக்கு வந்துவிட்டார்.

வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்? போர் முடிந்தபோது நாட்டின் முக்கியமான இசையமைப்பாளர்கள் பலர் வெளியேறியிருந்தார்கள். ஃபாயா அர்ஜென்டினா போய் அங்கேயே 1946-இல் இறந்தார். ரொபெர்தோ ஜெரார்த் இங்கிலாந்தில், ரொதோல்ஃபோ ஹால்ஃப்டர் மெக்சிகோவில். பழைய இசையிலக்கணத்தை உடைத்த ஷோன்பெர்க், வெபெர்ன் என்று ஐரோப்பா எங்கேயோ போய்க்கொண்டிருக்க, சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் ஸ்பெயின் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தே பாப்லோ பெரும்பாலும் தானாகவே கற்றார். இசையமைப்பாளர் மோரிஸ் ஓஹானாவிடமும், ஷோன்பெர்க்கின் மாணவரான மக்ஸ் டாய்ச்சிடமும் சில பாடங்கள் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஜெர்மானிய இசை விமர்சகர் ஷ்டுக்கென்ஷ்மிட் எழுதிய ஷோன்பெர்க் வாழ்க்கை வரலாற்றை ஸ்பானியத்தில் மொழிபெயர்த்தவரும் இவரே. தான் தேடிப்பிடித்துப் படித்ததை அடுத்தவனும் சுலபமாகப் படிக்கட்டும் என்கிற மனசு இதில் தெரிகிறது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிறிஸ்தோபால் ஹால்ஃப்டர், கார்மெலோ பெர்னாஓலா போன்ற இசையமைப்பாளர்களோடு சேர்த்து இவரையும் '51-ஆம் ஆண்டுத் தலைமுறை' என்பார்கள். 1958-இல் 'நுவேவா மூசிகா' குழு, அடுத்த ஆண்டு 'தியெம்போ இ மூசிகா' கச்சேரிகள், 1965-இல் 'அலேயா' என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைப்புகளைத் தொடங்கினார். ஸ்பெயினின் முதல் மின்னணு இசைக்கூடமும் அவர் முயற்சியில்தான் வந்தது. பின்னணியில் பண உதவி செய்தது வட ஸ்பெயினில் உள்ள நவார்ராவின் தொழிலதிபர் குடும்பமான உவார்தே குடும்பம்.

அப்புறம் வந்தது பாம்ப்லோனா 1972. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எருதுகள் தெருவில் ஓடும் சான் ஃபெர்மின் திருவிழாவுக்குச் சில நாட்கள் முன்பு, ஜூன் 26 முதல் ஜூலை 3 வரை, அதே ஊரில் தே பாப்லோவும் ஓவியர் ஹோசே லூயிஸ் அலெக்சாங்கோவும் சேர்ந்து ஒரு மாபெரும் கலைச் சந்திப்பை நடத்தினார்கள். ஃப்ராங்கோ உயிரோடு இருந்த காலம் அது. அமெரிக்காவின் புதிய இசைக்காரர்களான ஜான் கேஜ் வந்தார், டேவிட் டியூடர் வந்தார், ஸ்டீவ் ரைக் வந்தார். கட்டடக் கலைஞர் ப்ராதா பூலே, காற்றடைத்த பிளாஸ்டிக் கூடாரங்களை எழுப்பியிருந்தார். விழா நடக்கும்போதே அவை காற்றிறங்கிச் சரிந்தன. கேரளத்திலிருந்து கதகளியும் போயிருந்தது. மேற்கின் ஆகப் புதிய இசையும் ஆசியாவின் பழைய மரபுகளும் ஒரே நிகழ்ச்சி நிரலில், ஒன்று மேல் ஒன்று கீழ் என்ற பாகுபாடு இல்லாமல் நின்றன. இன்றைக்குக்கூட எத்தனை இசை விழாக்கள் அப்படி நடக்கின்றன?

ஆனால் பாராட்டு எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. வலதுசாரிகளுக்கு அது அசிங்கம். இடதுசாரிகளுக்கு அது சர்வாதிகாரத்துக்கு ஒப்பனை போடும் பணக்காரர் விளையாட்டு. பாஸ்க் சிற்பி சில்யீதா தன் படைப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பாஸ்க் தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய ஈட்டா அமைப்பு குண்டு வைத்தது. சில மாதங்கள் கழித்து, 1973 ஜனவரியில், உவார்தே குடும்பத்தில் ஒருவரை ஈட்டா கடத்தியது. அந்த ஆண்டோடு அலேயாவும் நின்றுபோனது. தே பாப்லோ அட்லாண்டிக்கைத் தாண்டி, பஃபலோ, ஒட்டாவா, மாண்ட்ரியல் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தப் போனார். இடதுசாரிகளின் குறையில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். சர்வாதிகார அரசுகளுக்குப் புரியாத கலை வசதியானது, அதில் கோஷம் இருக்காது. இருந்தாலும் கேஜையும் கதகளியையும் அந்த ஊர்க்காரர்கள் நேரில் பார்த்தார்கள் என்பதைக் கழித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அதே விழாவில் பாஸ்க் நாட்டின் சாலபார்தாவும் ஒலித்தது. ஒரு தடித்த மரப்பலகை, எதிரெதிரே இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு குட்டைத் தடிகள். தடியை உலக்கைபோல் செங்குத்தாகப் பிடித்துப் பலகையில் குத்துவார்கள். ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் விழுவார். இருவர் அடியும் சேர்ந்தால்தான் தாளம் முழுமையாகும். ஆப்பிளைப் பிழிந்து மது செய்யும் வேலையோடு ஒட்டிப் பிறந்த தாளம் அது. மூன்று வருடம் கழித்து, 1975-இல், அதை வைத்தே தே பாப்லோ 'சுரேஸ்கோ ஒலெர்கியா' எழுதினார். குரல்கள், சாலபார்தா, தாளக் கருவிகள், வேறொன்றும் இல்லை. நாட்டுப்புறக் கருவியை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நடுவே அலங்காரமாக உட்கார வைக்காமல், அது பேசுகிற மாதிரியே பேச விட்டிருக்கிறார். அவருடைய படைப்புகளில் எனக்கு நெருக்கமானது இதுதான்.

ஃப்ராங்கோ இறந்து ஜனநாயகம் வந்த பிறகு அங்கீகாரம் தானாக வந்தது. 1983-இல் அரசின் சமகால இசை மையத்தைத் தொடங்கி நடத்தும் பொறுப்பு, அதே ஆண்டில் முதல் ஆபரா 'கியூ', 1991-இல் தேசிய இசை விருது, 2020-இல் வெனிஸ் பியென்னாலே கலைவிழாவின் தங்கச் சிங்கம் விருது. 2021 அக்டோபர் 10-ஆம் தேதி மாட்ரிட்டில் 91 வயதில் இறந்தார். கடைசி ஆபராவான 'எல் அப்ரேகார்த்தாஸ்' 2022 பிப்ரவரியில் மாட்ரிட்டின் ஆபரா அரங்கமான தெயாத்ரோ ரியாலில் அரங்கேறியது. எழுத்தாளர் விசெந்தே மொலினா ஃபோய்ஷ் தன் நாவலிலிருந்து எழுதிய கதை; கவிஞர்கள் லோர்கா முதல் அலெக்சாந்த்ரே வரை, போர் சிதறடித்த ஒரு தலைமுறையின் கடிதங்கள். அந்தப் போரில் அப்பாவை இழந்த பிள்ளை எழுதிய இசை என்று தெரிந்து கேட்கும்போது மனசு கனத்துப்போகும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். நேராக ஆர்க்கெஸ்ட்ரா படைப்புகளுக்குப் போகாதீர்கள். ராகத்திலும் பாட்டிலும் வளர்ந்த காது மெட்டு எப்போது திரும்பி வரும் என்று காத்திருக்கும், அது வராது. முதலில் எரிசேவின் படத்தைப் பாருங்கள். அடுத்து 'லா காசா'. அப்புறம் 'சுரேஸ்கோ ஒலெர்கியா'வை ஒரே மூச்சில், வேறு வேலை பார்க்காமல் கேளுங்கள். மெட்டைத் தேடாமல், எந்தச் சத்தம் எதற்குப் பதில் சொல்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் கீழே கருத்தில் எழுதுங்கள், உங்கள் ரசனையைக் கேட்டுக்கொண்டு வேறு ஒரு படைப்பைச் சொல்கிறேன்.