யாரும் தேடாத ஃபோக்ஸ்வாகன்

அன்புள்ள அண்ணா,

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் 1973 ஃபோக்ஸ்வாகன் 412-ஐ விற்கிறார். பாடி சுத்தமாக இருக்கிறது, எஞ்சின் பல வருடமாக ஓடவில்லை. வேறொரு ஊரில் நன்றாக ஓடும் 412 ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது, ஆனால் கதவுக்குக் கீழே துரு. நண்பர்களோ இரண்டும் வேண்டாம், அதே ஃபோக்ஸ்வாகனின் பீட்டில் கார் வாங்கு என்கிறார்கள். நீங்கள் இதற்கு முந்தைய மாடலான 411 வைத்திருப்பவர் என்பதால் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

பெரியவருடைய வண்டியை வாங்குங்கள். ஓடாத எஞ்சினுக்குப் பயப்படவே வேண்டாம். அதே குடும்பத்து எஞ்சின்தான் ஃபோக்ஸ்வாகன் பஸ் என்ற வேனிலும் போர்ஷே 914 ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. அந்த இரண்டுக்கும் உலகமெங்கும் ஆள் இருக்கிறது. அவர்கள் புண்ணியத்தில் பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள மாடல் என்றால் வயர்களைப் பாருங்கள், காய்ந்து நொறுங்கியிருக்கும். அதற்கும் 914 வைத்திருப்பவர்களிடம் வழி கேட்கலாம்.

பாடி கதையே வேறு. பீட்டிலில் போல்ட்டைக் கழற்றினால் மேல்கூடு தனியாக, தரைத்தட்டு தனியாக வந்துவிடும். 411, 412 இரண்டிலும் கூடுதான் வண்டியையே தாங்குகிறது. கதவுக்குக் கீழே துரு என்றால் தாங்குகிற சட்டமே போகிறது என்று பொருள். முன்பக்கம் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் வந்து பொருந்தும் இடத்தையும் குனிந்து பாருங்கள். இந்தத் தகடுகளைப் புதிதாக அடித்து விற்க யாருக்கும் லாபமில்லை. டிங்கரிங் தெரிந்தவர் கையால் செய்து வெல்டிங் வைக்க வேண்டும், அந்தக் கூலி வண்டி விலையைச் சுலபமாகத் தாண்டும். என் 411-க்குப் பின்விளக்குக் கண்ணாடி ஒன்று தேடி அலைந்தது கொஞ்சமல்ல. அதனால் பெரியவரின் கராஜ் அலமாரியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். விளக்கு, கண்ணாடி ரப்பர், குரோம் பட்டை என்று எது இருந்தாலும் வண்டியோடு சேர்த்துப் பேசி வாங்கிவிடுங்கள்.

இந்த வண்டிக்குக் கெட்ட பெயர் வந்த விதம் எனக்கு இன்றும் வருத்தம்தான். பீட்டிலை வளர்த்தெடுத்த ஃபோக்ஸ்வாகன் தலைவர் ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃப் 1968 ஏப்ரலில் இறந்தார், 411 அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வெளிவந்தது. நான்கு கதவு, பதினோரு ஆண்டு தாமதம் என்று 411-ஐப் பிரித்துச் சொல்லி ஜெர்மானியர்கள் சிரித்தார்கள். பின்னால் எஞ்சின், காற்றுக் குளிரூட்டல் எல்லாம் அப்போதே பழசாகியிருந்தன என்பது உண்மை. ஆனால் நான்கு பேரும் பெட்டிகளும் தாராளமாகப் போக, நெடுஞ்சாலையில் களைப்பில்லாமல் ஓட்ட அருமையான வண்டி அது. 1973-இல் ஃபோக்ஸ்வாகனின் புதிய காரான பஸ்ஸாட் வந்தது, அடுத்த வருடமே 412 நின்றது. 411, 412 இரண்டும் சேர்த்து மொத்தம் மூன்றரை லட்சத்துச் சொச்சம் வண்டிகள்தான்.

பீட்டில் இரண்டு கோடிக்கு மேல் வந்தது. நல்ல வண்டிதான். நீங்கள் வாங்காவிட்டாலும் அதை வாங்க ஆள் வரும். பெரியவரின் 412-க்கு வேறு யாரும் வராவிட்டால், உதிரிக்காகப் பிரித்துவிடுவார்கள். துரு பிடிக்காத ஒன்றுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதே என் ஆசை.

செலவில் ஒரு நிம்மதி உண்டு. முப்பது வயது தாண்டி, நல்ல நிலையில், பழைய வடிவம் மாறாமல் இருந்தால் ஜெர்மனியில் பழைய கார்களுக்கென்றே உள்ள ஹெச் நம்பர் பிளேட் கிடைக்கும். வரி ஆண்டுக்கு 191 யூரோ 73 சென்ட்தான்.

அப்புறம், இந்த வண்டியில் பெட்ரோலை எரித்துச் சூடாக்கும் தனி ஹீட்டர் இருக்கிறது. புகை உள்ளே கசிந்தால் உயிருக்கே ஆபத்து. விவரம் தெரிந்தவர் அதைப் பிரித்துப் பார்க்கும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள்.